மாகாண சபை இல்லாத மாகாணத்தில் யாரிடம் போவது? – கேள்வி பதில்

இலங்கையின் கிழக்கு மாகாண நிருவாகம், நியமனம், முதியோர் கொடுப்பனவு பற்றி வந்த கேள்விகளும், இந்த ஒழுங்குகளோடு நெடுநாள் புழங்கிய ஒருவர் எழுதிய பதில்களும். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

உப்புவெளி: சேர், சபை கலைஞ்சு இவ்வளவு வருசமாச்சு. இப்ப அங்க என்னதான் நடக்குது?

சபை வேறு, மாகாண நிருவாகம் வேறு. 2012 செப்டெம்பர் 8இல் தெரிவான சபையின் ஐந்து வருடம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அம்பாறை 14, மட்டக்களப்பு 11, திருகோணமலை 10, போனஸ் 2 என்று 37 ஆசனங்களும் அன்றிலிருந்து காலி. தேர்தல் நடக்காததற்குக் காரணம் சட்டச் சிக்கல். 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பழைய விகிதாசார முறையை எடுத்துவிட்டுக் கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் தோற்கடித்தது. பழைய முறையும் கைவிட்டுப் போனது, புதிய முறைக்கு எல்லையும் கிடையாது.

நிருவாகம் நிற்கவில்லை. ஓர்ஸ்ஹில்லில் ஆளுநர் செயலகம், வரோதயநகரில் பிரதம செயலாளர் செயலகம், அமைச்சுச் செயலாளர்கள், திணைக்களங்கள் எல்லாம் வழமைபோல் இயங்குகின்றன. இல்லாமல் போனது கேள்வி கேட்கும் இடம். சபை கூடிய காலத்தில் ஓர் உறுப்பினர், "இந்த வலயத்தில் கணித ஆசிரியர் வெற்றிடம் எத்தனை?" என்று எழுத்தில் கேட்டால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும், அது பதிவேட்டில் ஏறும். இப்போது அதே கேள்வியை நீங்கள் தனியாளாகக் கடிதத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. கடிதம் கொடுத்தால் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் திகதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். இதை இன்னும் பல தடவை சொல்வேன்.

கிண்ணியா: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். உம்மாவுக்கு 70 முடிஞ்சுது. முதியோர் காசு வரல்ல. மாகாண சபைக்கு மனு போடவா, ஆளுநருக்குப் போடவா?

வஅலைக்குமுஸ்ஸலாம். இரண்டுக்கும் வேண்டாம். சமூக சேவை மாகாண நிரலில் (மாகாண சபைக்கு ஒதுக்கிய விடயங்களின் பட்டியலில்) இருந்தாலும் இந்தக் கொடுப்பனவு மத்திய அரசின் பணம். குறைந்த வருமானமுள்ள, 70 வயது கடந்தவர்களுக்கு மாதம் 3,000 ரூபாவாக இருந்தது, 2025 ஏப்ரல் முதல் 5,000 ரூபா. நீங்கள் போக வேண்டியது கிண்ணியா பிரதேச செயலகம்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். குடும்பம் அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் முதியோர் கொடுப்பனவும் வங்கிக் கணக்குக்கே போகிறது. "வரவில்லை" என்று வருகிறவர்களில் சிலருக்குப் பணம் வந்திருக்கிறது. குடும்பத் தலைவர் என்று பதிந்த மகனின் கணக்கில் கிடக்கிறது. புத்தகத்தை வங்கியில் பதிப்பித்துப் பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

அடுத்த சிக்கல் வயது. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கம் 55572 என்று தொடங்கினால் 572இல் 500ஐக் கழிக்க 72. பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள் என்று வைத்தே கணக்குப் போடுவார்கள். ஆக 72ஆம் நாள் மார்ச் 12. அந்த அம்மாவுக்கு 70 நிறைந்தது 2025 மார்ச் 12இல். இந்தத் திகதியும் பிறப்புச் சான்றிதழும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் ஞாபகத்தில் சொன்ன திகதியோடு அட்டை எடுத்தவர்கள் மூதூரிலும் வெருகலிலும் குறைவில்லை. இரண்டும் முட்டினால் கோவை மேசையிலேயே நின்றுவிடும், ஏன் நிற்கிறது என்று யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள். பிறப்புப் பதிவே கிடைக்கவில்லை என்றால் பதிவாளர் பிரிவில் அனுமான வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைச் செய்த பிறகு மற்றது.

60 வயதிலேயே எடுக்கக்கூடிய முதியோர் அடையாள அட்டை வேறு. அதற்குக் காசு வராது. அலுவலகங்களிலும் மருந்தகத்திலும் முன்னுரிமைக்குக் காட்டலாம். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ஆனந்தபுரி: எங்கட ஒழுங்கையில தெருவிளக்கு எரியுதில்ல, வடிகான் நாறுது.

அது உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. மின்கம்ப இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போய் முறைப்பாட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள்.

தம்பலகாமம், பட்டதாரி: ஆளுநரிட்ட நேர மனு குடுத்தா மாகாணத்தில வேலை எடுக்கலாமா?

முடியாது. ஆனால் இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று விளங்குகிறது. மாகாண சபைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி மாகாண அரச சேவையின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் ஆளுநரிடம்தான். ஆனால் அதே பிரிவு அதைக் கையளிக்கவும் இடம் வைத்திருக்கிறது. 33ஆம் பிரிவின் கீழ் ஆளுநர் நியமிக்கும், மூன்று பேருக்குக் குறையாத மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு அந்த வேலையைப் பார்க்கிறது.

ஒரு பதவி நிரம்பும் வழி இது: முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஆளணியை, அதாவது எத்தனை பதவி என்பதை, அங்கீகரிக்க வேண்டும். அந்தப் பதவிக்கு ஆட்சேர்ப்புத் திட்டம் இருக்க வேண்டும். பிறகு அறிவித்தல், போட்டிப் பரீட்சை, நேர்முகம், நியமனம், தகுதிகாண் காலம், வினைத்திறமைகாண் தடைப் பரீட்சை. ஆளணி அனுமதி இல்லாத இடத்தில் ஆளுநர் விரும்பினாலும் சம்பளத் தலைப்பு கிடையாது. மனுவில் கையெழுத்து விழுந்தாலும் கணக்காளர் சம்பளம் போடமாட்டார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்படும் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. விண்ணப்ப முடிவுத் திகதியன்று தகைமை பூர்த்தியாகியிருக்க வேண்டும். பட்டத்தின் வலுவுக்கு வரும் திகதியைப் பாருங்கள், பட்டமளிப்பு விழாத் திகதியை அல்ல. பல அறிவித்தல்களில் மாகாணத்துக்குள் மூன்று வருட நிரந்தர வதிவிடம் கேட்பார்கள். கொழும்பில் வேலைக்குப் போய் வாக்காளர் இடாப்பில் அங்கே பதிந்தவர்கள் இதில் விழுகிறார்கள். ஏற்கெனவே அரச வேலையில் இருப்பவர் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்பாவிட்டால் அதுவும் தள்ளுபடி. பதிவுத் தபால் சிட்டையைக் கிழித்துப் போடாதீர்கள். "உள்ளுக்குள்ள ஆள் இருக்கு, இவ்வளவு குடுத்தாச் சரி" என்று யாராவது வந்தால் குடுக்காதீர்கள். அவருக்கு உள்ளுக்குள் ஆள் இல்லை.

மூதூர், சட்ட மாணவன்: 2017க்குப் பிறகு ஆளுநர்தானே சபை? அவரே நியதிச்சட்டம் ஆக்கலாம் எண்டு சொல்றாங்க.

சொல்லட்டும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தைத் திறந்து பாருங்கள் தம்பி. 154C உறுப்புரை நிறைவேற்று அதிகாரத்தை ஆளுநருக்குக் கொடுக்கிறது. 154G நியதிச்சட்டம், அதாவது மாகாணத்துக்கான சட்டம், ஆக்கும் அதிகாரத்தை மாகாண சபைக்குக் கொடுக்கிறது. சபை நிறைவேற்றியதற்கு 154Hஇன் கீழ் இசைவு கொடுப்பவரே ஆளுநர். ஒன்றில் இசைவு கொடுப்பார், அல்லது திருப்பி அனுப்புவார். திருப்பியதைச் சபை மீண்டும் நிறைவேற்றினால் இசைவு கொடுக்கலாம், அல்லது உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சனாதிபதிக்கு ஒதுக்கி வைக்கலாம். தானே எழுதித் தானே இசைவு கொடுக்கும் ஏற்பாடு அதில் எங்கும் இல்லை.

அதே மூதூர்: அப்ப வெற்றிடத்துக்கு என்ன செய்யிறது? யாராவது ஒருத்தர் செய்யத்தானே வேணும். நடைமுறையெண்டு ஒண்டு இருக்கே சேர்.

நடைமுறை அதிகாரம் ஆகாது. இந்த வாதத்தை உயர் நீதிமன்றம் 2012இலேயே பார்த்துவிட்டது. மத்திய அரசு கொண்டுவந்த திவிநெகும (வாழ்வாதார மேம்பாடு) சட்டமூலம் மாகாண நிரலைத் தொட்டதால் 154G(3)இன்படி எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பப்பட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அப்போது வடக்கில் சபையே இல்லை. ஆளுநர் தன் இணக்கத்தை அனுப்பினார். சபையின் இடத்தில் நின்று ஆளுநர் இணக்கம் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை என்றது. 2013 ஜனவரியில் அந்தப் பெரும்பான்மையோடுதான் சட்டம் நிறைவேறியது. வெறும் "சம்மதம்" சொல்லவே முடியாதவர் முழுச் சட்டம் எழுதலாமா?

நிலாவெளி: குறுக்க வாறதுக்கு மன்னிக்கவும். 154Lஐ மறந்திட்டீங்க. அதில சபையின் அதிகாரம் வேற கைக்கு மாறலாம்.

மறக்கவில்லை, அது வரட்டும் என்று பார்த்தேன். மாகாண நிருவாகத்தை அரசியலமைப்பின்படி கொண்டு நடத்த முடியாத நிலை என்று சனாதிபதி பிரகடனம் செய்தால், சபையின் அதிகாரம் பாராளுமன்றத்துக்குப் போகும். 154Mஇன் கீழ் பாராளுமன்றம் அதைச் சனாதிபதிக்குக் கொடுக்கலாம். கவனியுங்கள், அங்கேயும் அது தானாக ஆளுநரிடம் வரவில்லை. காலம் முடிந்து தேர்தல் வைக்காமல் விட்டதற்கு அந்த உறுப்புரையை யாரும் பாவிக்கவுமில்லை.

மூதூர்: அப்ப எட்டு வருசமா கிழக்குக்கு ஒரு புது நியதிச்சட்டமும் இல்லையா? முதியோர் இல்லம் நடத்திறதுக்கு மாகாணத்துக்கெண்டு ஒரு சட்டம் வேணுமெண்டாலும்?

சபை வரும்வரை இல்லை. இதைத்தான் நீங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இல்லம் நடத்துபவர்களைப் பதிவு செய்விக்கும் ஏற்பாடு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, அது தேசியச் சட்டம். மாகாணத்துக்கென்று தரம், கட்டணம், மேற்பார்வை எழுத நினைத்தால் சபை வேண்டும்; வரி, செலவு சம்பந்தப்பட்டால் ஆளுநரின் பரிந்துரையும் சேர்த்து. சபை கேட்டுக் குரல் கொடுப்பவர்கள் இப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்திருந்தால் நல்லது. விவாதத்தை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

குச்சவெளி: ஆளுநரிட்ட மனு குடுத்தா சுகாதாரத்தில சிற்றூழியர் வேலை...

மேலே தம்பலகாமத்துக்குச் சொன்னதுதான்.

பாலையூற்று: அப்பாவுக்கு 74. காணியை மூத்த அண்ணனுக்கு எழுதிக் குடுத்திட்டார். இப்ப அண்ணன் சாப்பாடும் குடுக்கிறதில்ல. நீதிமன்றத்தில தாபரிப்பு வழக்குப் போடலாமா?

மனைவி பிள்ளைகளுக்கு உள்ள 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தில் பெற்றோர் இல்லை, அதனால் அந்தப் படிவத்தோடு நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் அலையாதீர்கள். பெற்றோருக்கு வழி 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் முதியோர் தாபரிப்புச் சபை. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பிடியுங்கள், விண்ணப்பத்துக்கு அவர் உதவுவார். கொண்டுபோக வேண்டியது: அப்பாவின் அடையாள அட்டை, எல்லாப் பிள்ளைகளின் பெயர், முகவரி, தொழில் (அண்ணனுடையது மட்டுமல்ல, உங்களுடையதும்தான்), மாத மருந்துச் செலவின் பற்றுச்சீட்டுகள். பிள்ளையை அழைத்து விசாரித்து, அவருடைய வருமானத்தையும் பார்த்து, மாதத் தொகை கட்டளையிடச் சபைக்கு அதிகாரம் உண்டு.

காணியை அந்தச் சபை மீட்டுத் தராது. மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியைக் கொடூர நன்றியின்மை காரணமாக இரத்துச் செய்விப்பது 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில். அதற்குக் கால எல்லை இருக்கிறது, சட்டத்தரணியிடம் இந்த வாரமே உறுதியைக் காட்டுங்கள். உறுதியில் அப்பாவுக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்திருக்கிறதா என்று முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். வைத்திருந்தால் அவரை வீட்டை விட்டு எழுப்பவே முடியாது. சீதனமோ நன்கொடையோ, சீவிய உரித்து வைக்காமல் எழுதாதீர்கள் என்று நொத்தாரிசு சொன்னாலும் நம்மாட்கள் "பிள்ளையை நம்பாமலா" என்று கையெழுத்து வைப்பார்கள்.

சாம்பல்தீவு: நேர்முகத்தில எனக்குக் குறைச்சுப் புள்ளி போட்டுட்டாங்க. என்ன செய்யலாம்?

முதலில் புள்ளியைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: என் புள்ளி விபரம், புள்ளித் திட்டம், வெட்டுப்புள்ளி. "ஏன் எனக்கு அநியாயம் செய்தீர்கள்" என்று எழுதினால் அது தகவல் கோரிக்கை இல்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழு.

ஆனால் இதற்காகக் காத்திருந்து மற்றக் கதவை மூடிவிடாதீர்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. மாகாண நிரல் விடயமென்றால் எழுத்தாணை கேட்டு மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் போகலாம். எதற்கும் திகதி முக்கியம். முத்திரை, திகதி, பிரதி.

கந்தளாய்: படிவம் சிங்களத்தில மட்டும் தந்தாங்க.

தமிழில் கேளுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி, அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை. பதிலும் தமிழில் பெற உரிமை உண்டு.

ஒருவர்: மாகாணத்தில ஓய்வு வயசு 65ஆ 60ஆ?

60. 65 என்றது மாற்றப்பட்டு 2022 டிசம்பர் 31 முதல் 60. விசேட வைத்திய நிபுணர்களுக்குத் தனி ஒழுங்கு.

சேருநுவர: ஆளுநருக்கு மனு எழுத மாதிரிக் கடிதம் ஒண்டு தருவீங்களா?

எதற்கு மனு?

சேருநுவர: வேலைக்கு.

தரமாட்டேன். கடைசியாக, இங்கே போடாத கேள்விகளில் ஓய்வூதியக் கோவை தாமதம் பற்றிக் கேட்ட இரண்டு பேர் கடைசியாகச் சேவை செய்த அலுவலகத்தின் பெயரையும், சுயவிபரக் கோவை பிரதேச செயலகத்துக்கு அனுப்பப்பட்ட திகதியையும் எழுதுங்கள். அனுப்பிய கடிதத்தின் இலக்கம் இருந்தால் அதுவும். அது தெரியாமல் கோவை எந்த மேசையில் நிற்கிறது என்று சொல்ல முடியாது.