பரவிவிட்டால் வைத்தியமே இல்லையா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. இளமையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நுரையீரல் உறையில் மீசோதெலியோமா புற்றுநோய், வயிற்றுக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு வழியில்லையாம். வேறென்ன செய்யலாம்? – ஒரு மகள், கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், அம்மா. இவ்வளவு பரவிய பிறகு கத்தி வைத்தால் வலிதான் மிஞ்சும். ‘நாங்கள் செய்து தருகிறோம்’ என்று யாராவது முன்வந்தால் ஒதுங்கிவிடுங்கள். நோயை முழுதாக நீக்க முடியாது. கட்டுப்படுத்த மருந்து உண்டு.

பயாப்சி அறிக்கையைப் பாருங்கள். இந்தப் புற்றுநோயில், செல்களின் தோற்றத்தைப் பொறுத்து எபிதெலியாய்டு, சார்கமடாய்டு, இரண்டும் கலந்தது என்று மூன்று வகை. வழக்கமான கீமோ, பெமெட்ரெக்ஸெட்டும் சிஸ்பிளாட்டினும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் பலவீனமென்றால் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின். கீமோவுக்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் தொடங்க வேண்டும். சத்து மாத்திரைதானே என்று விட்டுவிட்டால் வாய்ப்புண்ணும் ரத்த அணுக் குறைவும் பாடாய்ப் படுத்தும்.

உடலின் நோய் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற மருந்துகளும் உண்டு. சார்கமடாய்டு, கலப்பு வகைகளில் கீமோ பெற்றவர்களின் சராசரி ஆயுள் 9 மாதத்துக்கும் குறைவு; இவற்றைப் பெற்றவர்களுக்கு அது 18 மாதம். எபிதெலியாய்டில் வித்தியாசம் சொற்பம். அந்த வகை என்றால், லட்சங்கள் பிடிக்கும் இந்த மருந்துக்காக நிலத்தை விற்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று: அப்பா பகலில் பாதிக்கு மேல் படுத்தே கிடக்கிறார் என்றால் கீமோவே அவரைச் சாய்த்துவிடும். அந்த நிலையில் மார்பில் கட்டும் நீரை எடுப்பது, மீண்டும் கட்டாமல் டால்க் தூள் செலுத்துவது, வலிக்கும் இடத்துக்குக் கதிர்வீச்சு ஆகியவையே நிஜமான சிகிச்சை.

கீமோ கோவையில் நடந்தாலும், உங்கள் பஞ்சாயத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாலியேட்டிவ் (வலியையும் வேதனையையும் தணிக்கும்) பிரிவில் இன்றே பதிந்துவிடுங்கள். நர்ஸ் வீட்டுக்கே வருவார். கேரளத்தில் இருப்பதன் பெரிய லாபம் அது. ‘கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வலி மருந்தான மார்ஃபின் பழக்கமாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அது மலச்சிக்கல் தரும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள்.

பீரோவில் அப்பாவின் பழைய வேலை அட்டை, சம்பளச் சீட்டு, பி.எஃப். தாள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதெலியோமா, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம் என்பதால், வேலையை விட்டு வெகுகாலமாயிற்றே என்று இழப்பீடு கேட்கத் தயங்காதீர்கள். எந்த ஆலையில், எந்த ஆண்டுகளில் வேலை பார்த்தார் என்பதை மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.