சந்திரமுகியும் மணிச்சித்திரத்தாழும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. 'சந்திரமுகி'யின் 'ரா ரா' பாட்டுக்கு எல்லோரும் மிரள்கிறார்கள், எங்களுக்கு மட்டும் பயமே வரவில்லையே? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: வராதுதான். இந்தக் கதையின் பூட்டே மொழியில் இருக்கிறது. பாசில் இயக்கிய மூலப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' (1993). அதில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனக்காரி. தன்னையே அந்த நாகவல்லியாக நினைத்துக்கொள்ளும் நாயகி கங்கா, மலையாளம் பேசிக்கொண்டிருப்பவள், கோபம் தலைக்கேறியதும் தமிழுக்குத் தாவுகிறாள். கேரளத்துக்காரனுக்கு அங்கேதான் முதுகுத்தண்டு சில்லிடும். நமக்கோ அது அடுத்த வீட்டு அக்காவின் சண்டை.

பி. வாசு இதைப் புரிந்துகொண்டுதான் கன்னட 'ஆப்தமித்ரா'விலும் (2004) தமிழ் 'சந்திரமுகி'யிலும் (2005) நடனக்காரியைத் தெலுங்குக்காரி ஆக்கினார். இந்தியில் பிரியதர்ஷன் 'பூல் புலையா'வாக எடுத்தபோது (2007) அவள் வங்காளி. ஊருக்கு ஊர் அயல்மொழி மாறும், பூட்டு ஒன்றே. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்குவதால் எந்தச் சாவியும் சரியாகப் பொருந்துவதில்லை. நீங்கள் 'பூல் புலையா' பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: மூலப் படம் மெதுவாகப் போகிறது என்கிறார்கள் பிள்ளைகள். எப்படி ஒப்பிடுவது? (வாசகர், காரிமங்கலம்)

பதில்: ஒரு தாளும் கடிகாரமும் போதும். மூன்று நேரங்களைக் குறித்து வையுங்கள்: மனநல டாக்டர் எப்போது வீட்டுக்குள் வருகிறார், பூட்டிய அறை எப்போது திறக்கிறது, கங்கா எப்போது முதன்முதலில் முகம் மாறுகிறாள். மூலத்தில் டாக்டரான மோகன்லால் வெகுநேரம் கழித்தே வருவார். அதுவரை அந்த வீட்டில் காப்பாற்ற ஆளில்லை, யார் மேலும் சந்தேகம் விழலாம். தமிழில் ரஜினிக்குத் தொடக்கத்திலேயே சண்டையும் பாட்டும் உண்டு. அவர் கூடவே இருக்கிறார் என்றால் பயம் எங்கிருந்து வரும்? பிள்ளைகள் மெதுவு என்று சொல்வது காவலில்லாத அந்த நேரத்தைத்தான்.

தமிழில் கங்காவான ஜோதிகா மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கண்ணை உருட்டித் தொடங்கும் இடத்தில், மூலத்தின் கங்காவான ஷோபனா குரலைத் தாழ்த்தித் தொடங்குகிறார். தேசிய விருது சும்மா வரவில்லை. கட்டிலைத் தூக்கும் காட்சியை இரண்டிலும் ஒலியை நிறுத்திவிட்டு ஒரு முறை, படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒரு முறை ஓட்டினால் தெரிந்துவிடும்.

மூலத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்க்காதீர்கள். இரண்டு மொழியும் ஒன்றாகிவிட்டால் படத்தின் முடிச்சே அவிழ்ந்துபோகும். மலையாள ஒலி, சப்டைட்டில் என்று வையுங்கள். டிவியில் 'விவிட்' பளபளப்பை அணைத்து 'சினிமா' மோடுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் இருட்டெல்லாம் சாம்பலாகத் தெரியும். 2024-ல் 4கே-யாகப் புதுப்பித்துத் திரையரங்கில் விட்டார்கள், அந்தப் பிரதி கிடைத்தால் நல்லது.

கேள்வி: 'சந்திரமுகி'யில் அந்தப் பெரிய பாம்பு எதற்கு? (வாசகர், ஊத்தங்கரை)

பதில்: மூலத்தில் பாம்பே கிடையாது. மனநோய்க் கதைக்கு நடுவே அதை ஊர விட்டதும், டாக்டர் சொல்லும் விளக்கம் பாதி பலமிழந்துவிடுகிறது.