வால்வு ஆம்பில் ஹம்மிங்: கேள்வி பதில்

வால்வு ரேடியோ காலத்திலிருந்து சால்டரிங் பிடிக்கிற கை இது. சொந்தமாகக் கிடார் ஆம்ப் கட்டுகிற பிள்ளைகள் மதுரைப் பக்கம் இப்போது நிறைய. வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஹம்மிங், அதாவது ஸ்பீக்கரில் ஓயாமல் வரும் இரைச்சல் பற்றித்தான்.

அண்ணே, முன்பகுதிக்கு ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6 வால்வு போட்டு ஆம்ப் கட்டினேன். கிடார் சொருகாமலே இரைகிறது. சப்ளையைச் சீராக்கும் பில்டர் கண்டென்சரை இரட்டிப்பாக்கியும் போகவில்லை. படம் அனுப்பியிருக்கிறேன். (திருமங்கலம்)

தம்பி, முதலில் ஆஃப் செய்து, ஆறவிட்டு, 12ஏஎக்ஸ்7-ஐ உருவிவிட்டு ஆன் செய்யுங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு முன்பகுதியில். நிற்காவிட்டால் 6வி6, சப்ளை பக்கம். அடுத்து காது கொடுத்துக் கேளுங்கள். தாழ்வாக உறுமினால் 50 ஹெர்ட்ஸ்: வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயர் அல்லது டிரான்ஸ்பார்மரின் காந்தம். கரகரவென்றிருந்தால் 100: ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வழியாக வருவது.

உங்கள் படத்தில் கோளாறு கண்ணுக்கே தெரிகிறது. முதல் பில்டர் கண்டென்சரின் மைனஸை இன்புட் ஜாக் பக்கத்தில் பற்றவைத்திருக்கிறீர்கள். அந்தக் கண்டென்சர் நிரம்பும்போது கரண்ட் சீராக ஓடாது. வினாடிக்கு 100 முறை குப்குப்பென்று பாயும். செம்புக்கம்பிக்கும் துளி ரெசிஸ்டன்ஸ் உண்டு. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அதில் ஒரு மில்லிவோல்ட் எழுந்தால்கூட, முதல் வால்வு மட்டுமே அதை ஏறக்குறைய 50 மடங்கு ஆக்கிவிடும். கண்டென்சரைப் பெரிதாக்கினால் பாய்ச்சலும் பெரிதாகும், அதனால்தான் போகவில்லை.

நம்ம ஊர் வீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு லாரி வெளி வீதியோடு நிற்க வேண்டும். கோயிலுக்குள்ளே ஆடி வீதியில் சாமி கும்பிட வருகிறவர்கள் மட்டும்தான். அந்தப் பாய்ச்சல்தான் லாரி, கிடார் சிக்னல்தான் பக்தர். டிரான்ஸ்பார்மர் சுற்றின் நடுவிலிருந்து வரும் ஒயர் (சென்டர் டேப்) நேரே முதல் கண்டென்சரின் மைனஸ் காலுக்குப் போகட்டும். வழியில் எதையும் தொடக்கூடாது. அந்தக் காலிலிருந்து ஒரே கிரவுண்ட் ஒயர்: முதலில் 6வி6-இன் கேத்தோடு (வால்வின் மைனஸ் பக்கக் கால்), பிறகு 12ஏஎக்ஸ்7-க்கான கண்டென்சரும் அதன் கேத்தோடுகளும், கடைசியாக இன்புட் ஜாக். இந்தக் கிரவுண்ட் ஒயர் சேஸிஸை, அதாவது ஆம்பின் இரும்புப் பெட்டியை, தொடுவது அந்த ஜாக்கில் ஒரே ஒரு இடத்தில். ஸ்பீக்கர் ஜாக்குக்குப் பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள். இல்லையென்றால் அங்கே இரண்டாவது தொடுப்பு உண்டாகிவிடும்.

ஐயா, பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த்தை, கழற்றினால் சத்தம் போய்விடுகிறது. அப்படியே விடலாமா? சர்ச்சில் வாசிக்கிறேன்.

கூடவே கூடாது. கிடார் கம்பி பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக உங்கள் சேஸிஸோடுதான் சேர்ந்திருக்கிறது. டிரான்ஸ்பார்மர் இன்சுலேஷன் ஒரு நாள் விட்டுப்போனால் 230 வோல்ட் உங்கள் விரலில். எதிரே எர்த் ஆன மைக்கில் உதடு பட்டால் போதும், உயிர் போய்விடும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எர்த் ஒயருக்கென்று தனி போல்ட், மெயின் கார்டு நுழைகிற இடத்திலேயே. பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்தபின் பல் வாஷர் வைத்து முறுக்குங்கள். லைவ், நியூட்ரலைவிட எர்த் ஒயரைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். கார்டை யாராவது இழுத்தாலும் கடைசியாக அறுவது அதுவாக இருக்கும். சத்தம் போக வழி, ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே போர்டில் சொருகுவது. சித்திரை வெயிலில் சர்ச்சின் எர்த் குழி காய்ந்துபோகும், தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஹீட்டர் டிரான்ஸ்பார்மரில் சென்டர் டேப் இல்லை அண்ணே.

6.3 வோல்ட் ஒயர் இரண்டிலிருந்தும் கிரவுண்டுக்கு ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டர். ஒயர்களை ட்ரில் சக்கில் மாட்டி இறுக்கமாக முறுக்கி, சேஸிஸ் மூலையோடு ஒட்டி, எல்லாவற்றுக்கும் முதலில் ஓட்டுங்கள். 12ஏஎக்ஸ்7-இல் 4, 5 பின்கள் சேர்ந்து ஒரு பக்கம், 9 மறுபக்கம்.

உள்ளே கை வைக்கப் பயமாக இருக்கிறது. ஆஃப் செய்தால் போதுமா?

போதாதும்மா. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். முதல் கண்டென்சரின் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டரை நிரந்தரமாகப் பற்றவையுங்கள், அது வழியாக வோல்ட் வடிந்துவிடும். ஒரு நிமிடம் காத்திருந்து, ஒவ்வொரு கண்டென்சரிலும் மீட்டர் வைத்து, முள் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்தபிறகு கை வையுங்கள். ஓடும்போது ஒயரை நகர்த்திப் பார்க்க வேண்டுமானால் காய்ந்த மூங்கில் குச்சி. இன்னொரு கை பாக்கெட்டுக்குள்.