பழைய ஐபிஎம் கீபோர்டு மடிக்கணினியில் வேலை செய்யவில்லை, கெட்டுவிட்டதா?

வீட்டுப் பெட்டியில் கிடைத்த பழைய ஐபிஎம் மெக்கானிக்கல் கீபோர்டுக்குக் கடையில் ஊதா நிற அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகியும் ஓர் எழுத்துகூட விழவில்லை என்றும், தூக்கிப் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். பழுது பெரும்பாலும் கீபோர்டில் இருக்காது, அந்த அடாப்டரில்தான் இருக்கும்.

நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். என் அப்பச்சி (அப்பா) பினாங்கில் கணக்கராக இருந்து காரைக்குடிக்குத் திரும்பியபோது கொண்டுவந்தது ஒரு ஐபிஎம் மாடல் எம் வகைக் கீபோர்டு. பின்புற ஒட்டுச்சீட்டில் 1986 என்று அச்சாகியிருக்கும். அவர் காலமான பிறகு, இரண்டாம் கட்டு அறையில் ஒரு மரப்பெட்டிக்குள் பழைய வேட்டியில் சுற்றிவைத்திருந்த அதை ஆத்தா எடுத்துக் கொடுத்தார்கள். கணினிக் கடை ஒன்றில் காட்டினேன். ஊதா அடாப்டர் ஒன்றில் செருகிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சுண்ணே, பழைய சாமான் கடையில எடைக்குக் குடுத்துருங்க" என்றார் கடைக்காரர். அந்தச் சொல் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளின் தூண்களும் நிலைக்கதவுகளும் இப்படி யாரோ சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அன்றிரவு வீட்டில் அதே அடாப்டரை மறுபடி செருகியபோது, கீபோர்டின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று பச்சை விளக்குகளும் ஒருமுறை மின்னி அணைந்தன. மின்சாரம் கிடைத்தவுடன் கீபோர்டு தன்னைத் தானே சோதித்துக்கொள்வதன் அடையாளம் அது. உள்ளே இருக்கும் சிப் போயிருந்தால் அப்படி மின்னாது. நீங்களும் முதலில் அந்த விளக்குகளைக் கவனியுங்கள். சில தொடக்கக்கால மாடல்களில் விளக்கே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

காரணம் இதுதான். ஊதா அடாப்டருக்குள் கம்பியைத் தவிர வேறெதுவும் இல்லை. பிஎஸ்/2 என்ற பழைய இணைப்பு முறை, இன்றைய யுஎஸ்பி இரண்டையும் பேசத் தெரிந்த பிற்காலக் கீபோர்டுகளுக்கு மட்டுமே அது உதவும். யுஎஸ்பி வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் செய்த கீபோர்டுக்கு அந்த மொழி தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்கச் சிப் உள்ள மாற்றி ஒன்று வேண்டும்.

வாங்குவதற்கு முன் செருகியைப் பாருங்கள். ஆறு ஊசிகள் கொண்ட சிறிய வட்டச் செருகி என்றால் அது 1987இல் வந்த பிஎஸ்/2. ஐந்து ஊசிகள் கொண்ட பருத்த செருகி என்றால் ஐபிஎம் கணினிகளோடு 1984இல் வந்த ஏடி வகையாகவோ, 1981இல் வந்து பிறகு எக்ஸ்டி எனப்பட்ட வகையாகவோ இருக்கலாம். ஏடியும் பிஎஸ்/2வும் செருகியில்தான் வேறு, பேச்சு ஒன்றே. ஆகவே அவ்விரண்டுக்கும் இடையே வெறும் கம்பி அடாப்டர் போதும். எக்ஸ்டி அப்படியன்று, செருகி ஏடியைப் போலவே இருந்தாலும் தகவல் கீபோர்டிலிருந்து கணினிக்கு ஒரு வழியாக மட்டுமே செல்லும், அதற்கென்று தனி மாற்றி தேவை.

நான் முதலில் விலை குறைந்த மாற்றி ஒன்றை வாங்கினேன். சில எழுத்துகள் இரட்டையாக விழுந்தன, சில விழவே இல்லை. இந்தப் பழைய கீபோர்டுகள் இன்றைய கீபோர்டுகளைவிட அதிக மின்சாரம் இழுப்பவை. அதை எல்லா மாற்றிகளும் தாங்குவதில்லை. பிறகு ஏடிமெகா32யு4 சிப் உள்ள புரோ மைக்ரோ என்ற, நிரல் ஏற்றக்கூடிய சிறிய பலகையை வாங்கி, டிஎம்கே என்ற இலவசக் கீபோர்டு மென்பொருளை ஏற்றி, மாற்றியை நானே செய்துகொண்டேன். கிளாக் (நேரத் துடிப்பு), டேட்டா (தகவல்), கிரவுண்டு, 5 வோல்ட் என்று நான்கே கம்பிகள்தான். ஆனால் என் கீபோர்டின் ஐந்து ஊசிச் செருகியில் ஊசிகளின் எண்கள் வரிசையாக அமைவதில்லை. 1, 4, 2, 5, 3 என்ற முறையில் அமைகின்றன. அது தெரியாமல் வரிசையாக எண்ணிப் பற்றவைத்ததால் இரண்டு மாலைகள் விளக்கே எரியவில்லை. மூன்றாம் நாள் 1இல் கிளாக், 2இல் டேட்டா, 4இல் கிரவுண்டு, 5இல் 5 வோல்ட் என்று திருத்தியதும் முதல் எழுத்து திரையில் விழுந்தது. ஒவ்வொரு விசைக்கடியிலும் ஒரு சுருள்வில் மடங்கி அடிக்கும் அந்த ஓசை வளவு (உள்முற்றம்) வரை கேட்டிருக்க வேண்டும். ஆத்தா வந்து, ஒன்றும் பேசாமல் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மலிவாகப் புதிய கீபோர்டு கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று சிலர் இங்கே எழுதக்கூடும். நாள் முழுவதும் கணக்கு எழுதுகிறவன் நான். விசை இறங்கியது விரலுக்கே தெரிவதால் எண்களில் தவறு குறைகிறது என்பதை என் வேலையில் கண்டே சொல்கிறேன்.

மாடல் எம்மைக் கழற்றித் துடைக்க நினைத்தால், பின்விளிம்பில் உள்ள நான்கு திருகுகளுக்கு 5.5 மில்லிமீட்டர் அளவுள்ள, மெல்லிய சுவர் கொண்ட நட்டுத் திருப்பி வேண்டும். சாதாரணத் திருப்பி அந்தக் குழிக்குள் இறங்காது. கீபோர்டை முதலில் மாற்றியில் செருகிவிட்டு, அதன் பிறகு யுஎஸ்பியைச் செருகுங்கள். உங்கள் கணினியிலேயே பிஎஸ்/2 துளை இருந்தால், கணினியை அணைத்துவிட்டே செருக வேண்டும். இந்தப் பழைய கீபோர்டில் விண்டோஸ் விசை கிடையாது. நான் கேப்ஸ் லாக்கை அந்த வேலைக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.