பாலக்காட்டில் பார்த்த பீட்டர்சன் புகையிலைப் பைப்புக்கு 6,000 தரலாமா?

இப்போதைக்குத் தராதீர்கள். போன வருஷம் பாதி விலைதான், வெள்ளி ஏறியதால் கூடிவிட்டது என்று கடைக்காரர் சொன்னாராம், ஆனால் பைப்பின் கழுத்தில் மாட்டிய அந்த உலோக வளையத்தில், அதாவது பூணில், இருப்பதே சில கிராம், அதுவும் வெள்ளியாக இருந்தால்.

லென்ஸ் வைத்துப் பூணைப் பாருங்கள். முடிசூடிய யாழ், உட்கார்ந்த பெண் உருவம் இருந்தால் அயர்லாந்தின் டப்ளினில் போடும் வெள்ளி முத்திரை. மூவிலை, நாய், கோபுரம் என்றால் நிக்கல். பீட்டர்சன்காரர்களே போட்டதுதான், போலி இல்லை, ஆனால் வெள்ளி விலை பேச முடியாது. வெறும் ஸ்டெர்லிங் என்று மட்டும் இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம்.

அப்புறம் வாய்க்குழலை மெதுவாகத் திருகிக் கழற்றி, டார்ச் அடித்துப் பூணோரம் முடி மாதிரி விரிசல் ஓடுகிறதா பாருங்கள், விரிசலை மறைக்கவே பூண் மாட்டுவதும் உண்டு. வாய்க்குழல் கழன்று வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், உடைந்தால் உங்கள் தலையில் கட்டிவிடுவார்.

வாய்க்குழல் பச்சைபாய்ந்திருப்பது வெளிச்சம் பட்ட வல்கனைட் (கெட்டிப்படுத்திய ரப்பர்), தேய்த்தால் போகும். அதைக் காட்டியே குறைத்துக் கேளுங்கள்.