பழைய ரோபோகொப்பா, புதியதா? நிலையத்தில் எதைப் போடுவது?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை படம் போடுகிறோம். 1987இல் வந்த ‘ரோபோகொப்’ (மர்பி என்ற பொலிஸ்காரனை ஒரு நிறுவனம் இயந்திரப் பொலிசாக மாற்றுகிற கதை), 2014இல் அதைத் திரும்ப எடுத்தது, இரண்டையும் ஒரே நாளில் போடலாம் என்று கூட்டத்தில் சொன்னதுதான் தாமதம், சண்டை தொடங்கிவிட்டது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் “புதுசு உப்பில்லாக் கூழ், பிள்ளைகளுக்கென்று தணித்து எடுத்த படம், அதுக்கு நாங்கள் வரமாட்டோம்” என்கிறார்கள். பெடியளோ “பழசு வெறும் வெட்டுக்கொத்து, இரத்தத்தைக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கு” என்று கேட்கிறார்கள். யார் பக்கம் நியாயம்? பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகளும் வருவார்கள். பழைய படத்துக்கு எங்களிடம் இரண்டு கொப்பி இருக்கிறது. ஒன்று 103 நிமிடம், மற்றது 99. குறைந்ததில் வெட்டியிருக்கிறார்களா? இன்னொன்று: என் அம்மா எல்லாப் படத்துக்கும் வருகிறவர். துவக்குச் சத்தம் அவருக்கு ஆகாது. என்ன செய்யலாம்?
— செயலாளர், கொக்குவில்

பதில்:

செயலாளர் அவர்களுக்கு,

கொப்பி விசயத்தை முதலில் முடித்துவிடுவோம். 99 நிமிடக் கொப்பியில் எதுவும் வெட்டுப்படாமலே இருக்கலாம். சினிமாப் படம் விநாடிக்கு 24 சட்டகம் ஓடுவது. எங்கள் நாட்டிலும் ஐரோப்பாவிலும் பாவனையில் இருந்த ‘பால்’ முறைத் தொலைக்காட்சி விநாடிக்கு 25. அந்த முறையில் இறுவட்டு அடிக்கும்போது படத்தை நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓடவிடுவார்கள். 103ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் பிரித்துப் பாருங்கள், 99 வரும். குரல்களும் இசையும் அதில் சற்று உயர்ந்து கேட்கும், அவ்வளவுதான். ஆனால் சப்டைட்டிலை வேறு இடத்தில் எடுத்துப் போடுவதென்றால் கவனம். 24 சட்டகக் கொப்பிக்கு எழுதிய சப்டைட்டில் இதில் தொடக்கத்தில் பொருந்தும், ஒரு மணித்தியாலம் போனதும் இரண்டரை நிமிடம் பிந்தி வரும். விஎல்சி பிளேயரில் தாமதத்தைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிக்கட்ட ஏலாது, ஏனென்றால் பிழை போகப்போகக் கூடும். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் சட்டக வேகத்தை 23.976இலிருந்து (24க்குக் கிட்டிய வேகம்) 25க்கு மாற்றிச் சேமித்தால் கடைசிவரை பொருந்தும்.

வெட்டு இருக்கிறதா என்பதை நிமிடக் கணக்கு காட்டித்தராது. தியேட்டர்ப் பதிப்புக்கும் வெட்டாத பதிப்புக்கும் இடையில் இருப்பது விநாடிக் கணக்கு வித்தியாசம். காட்சியைப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் நிறுவனத்தின் கூட்ட அறைக்கு ஈடி-209 என்ற பெரிய காவல் இயந்திரத்தைக் கொண்டுவருவார்கள். ஓர் இளம் அதிகாரியின் கையில் கைத்துப்பாக்கியைக் கொடுத்து அதன்முன் நீட்டச் சொல்வார்கள். ஆயுதத்தைக் கீழே போட இயந்திரம் 20 விநாடி தரும். அவர் போட்டுவிடுவார். இயந்திரத்துக்கு அது விளங்காது, சுட்டுவிடும். அவர் போய் விழுவது மேசையில் இருக்கும் வெள்ளை மாதிரி நகரத்தின்மேல். விழுந்த பிறகும் இயந்திரம் நிறுத்தாமல் சுட்டுக்கொண்டே நின்றால் உங்களிடம் இருப்பது வெட்டாத பதிப்பு. விழுந்ததோடு காட்சி மாறினால் தியேட்டர்ப் பதிப்பு. தொலைக்காட்சிக்கென்று கழுவிய கொப்பி என்றால் கடைசியில் தெரியும்: நச்சுக் கழிவுத் தொட்டிக்குள் மோதியவன் உடல் உருகி வெளியே வருகிற இடம் குறைந்திருக்கும், கெட்ட வார்த்தைகளுக்கு வேறு குரல் ஏற்றியிருப்பார்கள். அந்தக் கொப்பியை வைத்துச் சண்டை பிடிக்காதீர்கள். அது இரண்டு பக்கத்துக்கும் அநியாயம்.

இப்போது பெடியளின் கேள்விக்கு வருவோம், இரத்தம் எதற்கு? இந்தக் கூட்ட அறைக் காட்சியே பதில் சொல்லும். தேவைக்கு மேலாக, நம்ப முடியாத அளவுக்கு அந்த மனிதரைச் சுட்டுத் தள்ளியபிறகு ஒருவர் மருத்துவ உதவியாளரைக் கூப்பிடச் சொல்லிக் கத்துவார். நிறுவனத் தலைவரோ, தனக்கு ஏமாற்றமாக இருக்கிறது என்பார். திட்டத்துக்குப் பொறுப்பானவர் இது சின்னக் கோளாறுதான் என்று பதில் சொல்வார். உடல் அவ்வளவு சிதைந்திருந்தால்தான் அந்தச் ‘சின்னக் கோளாறு’ என்ற சொல் உறைக்கும். இயக்குநர் போல் வெர்ஹோவன் இதைப் பலமுறை விளக்கியிருக்கிறார்: அளவுக்கு மீறிப் போனதால் அது கேலியாக இருந்தது, வெட்டியபிறகு கேலி போய்க் கொடூரம் மட்டும் மிஞ்சியது. அமெரிக்கத் தரப்படுத்தல் சபை முதலில் எக்ஸ் (17 வயதுக்குக் குறைந்தவருக்கு இடமே இல்லை) கொடுத்து, பல தடவை வெட்டித் திரும்பக் காட்டிய பிறகே அதைவிடத் தளர்ந்த ஆர் கொடுத்தது. வெர்ஹோவன் 1938இல் பிறந்தவர். ஜேர்மன் ஆக்கிரமிப்பின்போது நெதர்லாந்தின் ஹேக் நகரில், குண்டு விழுகிற இடத்தில் பிள்ளைக்காலத்தைக் கழித்தவர். சிதைந்த உடல் அவருக்கு வேடிக்கைப் பொருள் அல்ல. அந்தப் படம் அமெரிக்காவில் வெளிவந்தது 1987 யூலை 17. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கொழும்பில் இலங்கை–இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு, ஒரு உயிரைச் ‘சின்னக் கோளாறு’ என்று சொல்கிற மொழி எங்கிருந்து வருகிறது என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பெரியவர்களின் கோபத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் அவர்கள் குற்றத்தைச் சுமத்துகிற இடம் பிழை. பிஜி-13 என்ற தரம்தான் படத்தைக் கெடுத்தது என்கிறார்கள். அந்தத் தரம் 1984இல் வந்தது. ஆர் என்றால் 17 வயதுக்குக் குறைந்தவர் பெற்றாரோ பாதுகாவலரோ இல்லாமல் போக முடியாது. பிஜி-13 என்றால் போகலாம். 1987 படத்துக்கு ஏறத்தாழ 13 மில்லியன் டொலர் செலவு. 2014 படத்துக்கு 100 மில்லியனுக்கு மேல். அவ்வளவு காசை இறக்கினவர்கள் பதின்ம வயதுக்காரரை வாசலில் விட்டுவிட்டுப் போக விரும்புவதில்லை. அதனால் புதுப் படத்தில் நாயகன் கையில் மின்னதிர்ச்சித் துப்பாக்கி, எதிரே பெரும்பாலும் இயந்திரங்கள், மனிதரைச் சுடுகிற பெரிய சண்டை இருட்டுக்குள் வெறும் துப்பாக்கிப் பொறியாக நடக்கிறது. இயக்குநர் ஜோசே பதில்யா வன்முறைக்குப் பயந்தவரும் அல்ல. பிரேசில் பொலிஸ் படையைப் பற்றி அவர் எடுத்த படம் 2008இல் பெர்லின் படவிழாவில் தங்கக் கரடி விருது வென்றது.

சரி, உண்மையில் எது தணிந்தது? இரண்டு படத்திலும் கையைப் பாருங்கள்.

1987இல் மர்பி கொலைசெய்யப்பட்டபின் திரை இருளும். அதற்குப் பிறகு நாங்கள் பார்ப்பது அவன் கண்ணால்: கோடு கோடாக ஓடும் வீடியோப் படம், மேலே குனிந்து கதைக்கும் முகங்கள். இடது கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று வைத்தியப் பக்கத்திலிருந்து சொல்வார்கள். திட்டத்தை நடத்துகிற அதிகாரிக்கு அது பிடிக்காது. முழு உடம்பும் செயற்கை என்றுதானே பேச்சு, கையை எடுத்துவிடுங்கள் என்பார். பக்கத்தில் நிற்பவர், பொலிசில் சேரும்போதே படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டான், சட்டப்படி செத்தவன், எதையும் செய்யலாம் என்று தைரியம் கொடுப்பார். நல்ல கை, உயிருள்ள கை, ஒரு வசனத்தில் போய்விடுகிறது. கொஞ்ச நேரத்தில் அதே கண்ணுக்கு முன்னால் புதுவருடக் கொண்டாட்டம் நடக்கும். இந்தக் காட்சியில் ஒரு துளி இரத்தம் இல்லை.

2014இல் மர்பியின் மனைவியிடம் கேட்கிறார்கள். அவள் யோசித்துச் சம்மதித்துக் கையெழுத்து வைக்கிறாள். வலது கை மிஞ்சுகிறது, கடைசிவரை கறுப்புக் கவசத்தின் நுனியில் தெரிகிறது. முதல் படத்தில் நடந்தது களவு. இரண்டாவதில் நடப்பது சிகிச்சை. முதல் படத்தில் நினைவைத் துடைத்துவிட்டார்கள். தான் யார் என்று தேடி வீட்டுக்குப் போகிறவனுக்கு வெறும் சுவரும், வீட்டை விற்கப் பேசுகிற திரைகளும்தான் இருக்கும். இரண்டாவதில் மனைவியும் மகனும் முதலிலிருந்தே பக்கத்தில், தேடுவதற்கு ஒன்றுமில்லை. பெரியவர்களுக்கு உப்பில்லாமல் போனது இங்கேதான். இதை எந்தத் தரப்படுத்தலும் கேட்கவில்லை. கையை எடுக்கச் சொல்கிற காட்சி பிஜி-13இலும் தாராளமாக நின்றிருக்கும். கதை எழுதினவர்கள் தாங்களாக விட்டது. பெடியளுக்கும் இதே காட்சியைக் காட்டுங்கள்: இரத்தத்தைக் கழித்தபிறகும் மிச்சம் இருப்பது இதுதான்.

புதுப் படத்துக்கு நியாயம் செய்வதென்றால் அதன் கண்ணாடிக் காட்சியைச் சொல்லவேண்டும். தன்னைக் காட்டச் சொல்லி மர்பி கேட்க, வைத்தியர் கவசத்தை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். முகம், தொண்டை, ஊதி ஒடுங்குகிற நுரையீரல், அந்தக் கை, கிட்டத்தட்ட அவ்வளவுதான். தன்னைச் சாகவிடும்படி அவன் கேட்கிறான். பழைய படத்தில் இதற்கு நிகராக ஒன்று இல்லை என்பது எங்கள் கருத்து. சண்டை நேரத்தில் இயந்திரமே முடிவெடுக்க, தான் முடிவெடுப்பதாக மர்பி நினைத்துக்கொள்கிறான் என்ற எண்ணமும் புதுப் படத்துக்கே உரியது. மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைக் குறைத்து அவனை மந்தமாக்கிச் சனத்துக்கு முன்னால் நிறுத்துகிற இடமும் அப்படித்தான். உங்கள் பெரியவர்கள் இந்த மூன்றுக்காகவாவது வரவேண்டும்.

பிள்ளைகள் விசயத்தில் நாங்கள் இறுக்கமாகச் சொல்கிறோம்: 1987 படம் பதின்மூன்று, பதினாலு வயதுக்கு வேண்டாம். கூட்ட அறை, மர்பி சுடப்படுவது இரண்டும் முதல் அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். தெருவில் ஒரு பெண்ணை இருவர் மறித்துத் துன்புறுத்துவது, கொக்கெயின் எல்லாம் இருக்கிறது. இரண்டு படமும் சேர்ந்தால் மூன்று மணி நாற்பது நிமிடம், ஒரே இருப்பில் கதிரையில் இருக்கவும் ஏலாது. புதியதைப் பின்னேரம் மூன்று மணிக்கு எல்லோருக்கும், பழையதை ஏழு மணிக்குப் பெரியவர்களுக்கு. இடையில் கதைக்கிறதென்றால் பழையதில் கை எடுக்கிற காட்சியையும் புதியதில் கண்ணாடிக் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டுக் கதைக்க விடுங்கள். அவற்றிலும் இரத்தம் இல்லாதபடியால் பிள்ளைகளும் இருக்கலாம், ஆனால் கண்ணாடிக் காட்சி சின்ன வயதுக்குக் கொஞ்சம் கலக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதின்ம வயதுக்காரர் புதியதையே விரும்பினால் அதற்காக அவர்களை நக்கலடிக்க விடாதீர்கள். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கென்று தணிப்பது 2014இல் தொடங்கியதும் அல்ல: 1988இலேயே கார்ட்டூன் தொடராக வந்தது, 1993இன் மூன்றாம் பாகமும் பிஜி-13தான். இன்னொன்று, இறுவட்டின் தொடக்கத்தில் வீட்டுப் பாவனைக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். மண்டபத்தில் போடுவதற்கு உரிமையாளரின் அனுமதி தனியாகத் தேவை.

உங்கள் அம்மாவின் விசயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ‘தணிந்த’ படம் அவருக்குப் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 2014 படம் தொடங்கியவுடனேயே தெஹ்ரானுக்குப் போகிறது. அமெரிக்க இயந்திரங்கள் தெருவை வளைக்க, வீட்டுச் சனம் வெளியே வந்து கைகளை உயர்த்திச் சோதனைக்கு நிற்கிறது. தற்கொலைத் தாக்குதல் நடக்கிறது. கத்தியோடு ஓடிவரும் சிறுவன் ஒருவன் கொல்லப்படுகிறான். இரத்தம் அதிகம் காட்டாதபடியால் தரப்படுத்தல் இதைக் கடந்துபோகும். சுற்றிவளைப்புக்கு வெளியே வந்து வரிசையில் நின்ற ஒருவருக்கு இது நச்சுத் தொட்டியை விடக் கனமாக இருக்கும். கொக்குவிலில் அப்படி நின்றவர்கள் அம்மா ஒருவர் மட்டும் அல்ல, ஆகவே படம் தொடங்கமுன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வரி சொல்லுங்கள்: முதல் காட்சி சோதனைக் காட்சி, விரும்பாதவர்கள் அது முடிந்தபிறகு உள்ளே வரலாம். சத்தத்தைச் சனம் வருமுன் சரிபாருங்கள். பழைய படம் செய்தி வாசிப்போடு தொடங்கும். அந்தக் குரலுக்கு அளவு வைத்தால் கூட்ட அறைக்கு வந்ததும் மண்டபம் அதிரும். கூட்ட அறைக் காட்சியைப் போட்டு, அது தாங்கும் அளவில் சத்தத்தை நிறுத்துங்கள். பேச்சு மெதுவாகிவிட்டால் பிளேயரில் ‘இரவு ஒலி’ என்று வருவதைத் தட்டுங்கள், உரத்ததைக் குறைத்து மெல்லியதை உயர்த்தும். ஸ்பீக்கர் பெட்டியை நிலத்தில் வைக்காமல் மேசையில் ஏற்றினால் அதிர்வு கதிரைக் காலுக்கு வருவதும் குறையும். அம்மாவுக்குப் பின் கதவுக்குப் பக்கத்துக் கதிரையைக் கொடுத்து, கதவைத் திறந்தபடியே விடுங்கள்.