செவில் நகரில் ஒரு நாள் ஓய்வு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐரோப்பாவில் வசிக்கும் என் மைத்துனருடன் ஜூன் மாதம் தென் ஸ்பெயினில் சைக்கிள் பயணம் செல்லவிருக்கிறேன். இடையில் செவில் நகரில் ஒரு நாள் ஓய்வு. பேராலயம், அரண்மனை, ஸ்பெயின் சதுக்கம், நூதனசாலை எல்லாவற்றையும் அன்றே பார்த்துவிடலாம் என்கிறார் அவர். மட்டக்களப்பு வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்த ஊர் வெயில் ஒரு பொருட்டா என்றும் கேட்கிறார். தங்கள் ஆலோசனை என்ன?
- வாசகர் ஒருவர், ஆரையம்பதி

பதில்: மைத்துனர் சொன்ன இரண்டையுமே ஏற்பதற்கில்லை. கடலும் வாவியும் சூழ்ந்த நம் ஊரில் வியர்வை உடம்பிலேயே நிற்பதால், எவ்வளவு நீர் போகிறது என்பது நமக்குத் தெரிகிறது. செவிலின் வெயில், கச்சான் காற்று வீசும் நாட்களின் வெயிலைப் போன்றது; வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், தாகம் எடுக்கும்போது உடல் ஏற்கெனவே வறண்டிருக்கும். கோடையில் அங்கு 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்கள் அபூர்வமானவை அல்ல.

இதைவிட முக்கியமானது கடிகாரம். ஸ்பெயின் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுவதாலும், கோடையில் அது மேலும் ஒரு மணி நேரம் முன்தள்ளப்படுவதாலும், செவிலில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் இரண்டரை மணியளவில்தான். வெப்பம் உச்சத்தைத் தொடுவதோ மாலை ஐந்து, ஆறு மணிக்கு. நாலு மணிக்கு வெயில் தாழ்ந்துவிடும் என்ற நம் ஊர்க் கணக்கை நம்பி வெளியே இறங்கினால், நாளின் மிகக் கொடிய நேரத்தில் தெருவில் நிற்பீர்கள். சிறிய கடைகள் பலவும் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை பூட்டியிருப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல. நீங்களும் அந்த நேரத்தில் படுத்து உறங்குங்கள். ஓய்வு நாள் என்பது அதற்குத்தானே.

ஆகவே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். காலையில் பேராலயத்துக்குச் செல்லுங்கள். பழைய பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் 15ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கப்பட்ட அந்த ஆலயத்தில், கொலம்பஸின் பேழையை நான்கு அரச தூதர் சிலைகள் தோளில் சுமந்து நிற்கின்றன. பள்ளிவாசலின் மினாராவாக 1198இல் நிறைவுற்ற கிரால்டா கோபுரமே இன்று ஆலயத்தின் மணிக்கூண்டு. அதில் ஏறுவதற்கு, உச்சியில் உள்ள சில படிகளைத் தவிர, படிக்கட்டு இல்லை. தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே செல்லலாம் என்பதற்காகச் சுவரையொட்டிச் சுற்றிச் சுற்றி ஏறும் 35 சாய்தளங்களை அமைத்ததாகச் சொல்வார்கள். நாட்கணக்கில் மிதித்து இறுகிய தொடைகளுக்கு இது பெரிய சலுகை.

அல்காசர் அரண்மனையை, முன்பதிவு கிடைத்தால், நகருக்கு வந்து சேரும் நாளிலோ புறப்படும் நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள். நூதனசாலையை விட்டுவிடலாம். மாலை எட்டு மணிக்குப் பிறகு, 1929ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட ஸ்பெயின் சதுக்கத்துக்குச் சைக்கிளிலேயே மெதுவாகப் போய்வாருங்கள். கல் பாவிய தெருக்களில் மணிக்கணக்காக நடப்பதைவிடக் கால்களுக்கு அது இதம். 2006ஆம் ஆண்டுக்குப் பின் அமைக்கப்பட்ட, பச்சை நிறம் பூசிய சைக்கிள் பாதைகள் நகரெங்கும் உள்ளன. பூட்டு மட்டும் நல்லதாக இருக்கட்டும்.

கேள்வி: அந்த ஓய்வு நாள் எந்தக் கிழமையாக இருந்தால் நல்லது? மரக்கறி உணவு கிடைக்குமா?
- வாசகி ஒருவர், கல்முனை

பதில்: ஞாயிறு வேண்டாம். சைக்கிள் திருத்தும் கடைகள் அன்று பெரும்பாலும் பூட்டியிருக்கும். பேராலயமும் காலையில் வழிபாட்டுக்கு உரியது. உணவில், கொண்டைக்கடலையும் கீரையும் சீரகமும் சேர்த்துச் செய்யும் கறி அந்த ஊருக்கே உரியது, நம் நாக்குக்கும் பிடிக்கும். சல்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் கூழின் மேல் பன்றி இறைச்சித் துருவலைத் தூவுவது வழக்கம் என்பதால், கேட்காமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: மட்டக்களப்புக் கோட்டை கட்டப்பட்டபோது போர்த்துக்கலை ஆண்டவர் ஸ்பெயின் மன்னர்தானே? அப்படியானால் அதன் ஆவணங்களைச் செவிலில் உள்ள புகழ்பெற்ற இந்தியத் தீவுகள் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாமா?
- வாசகர் ஒருவர், கோட்டைமுனை

பதில்: முதற்பகுதி சரி. 1580 முதல் 1640 வரை இரு முடிகளும் ஒருவரிடமே இருந்தன. கோட்டை எழுந்தது 1628இல், ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியது 1638இல். ஆயினும் போர்த்துக்கேயரின் கடல்கடந்த நிர்வாகம் அப்போதும் தனியாகவே நடந்ததால், நம் கோட்டையைத் தேடுபவர் போகவேண்டியது லிஸ்பனுக்கும் கோவாவுக்குமே. 1785இல் நிறுவப்பட்ட செவில் காப்பகம் பெரும்பாலும் அமெரிக்காக்களையும் பிலிப்பைன்சையும் பற்றியது. ஆனாலும் அது பேராலயத்தின் பக்கத்திலேயே இருப்பதால், கட்டடத்தின் அழகுக்காக ஒருமுறை உள்ளே போய் வரலாம்.